நான்கு மாலும் ஒரு பெயரும்

செங்கோட்டை ரயில் நிலையத்துக்கு ரயில்வே வைத்திருக்கும் குறியீடு எஸ்.சி.டி. ஊர்ப் பெயரை இன்றைக்கு ஆங்கிலத்தில் எழுதுகிற முறையில் எழுத்தெழுத்தாகத் தேடினாலும் அந்தச் 'சி' கிடைக்காது. அது திருவிதாங்கூர் காலத்து 'ஷென்கோட்டா'விலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட எழுத்து. கொல்லத்துக்குக் க்யூ.எல்.என்.; அதில் பழைய 'குயிலான்' இருக்கிறது. கன்னியாகுமரிக்குக் 'கேப்'. கேப் காமரின் என்று சொல்கிறவர்கள் அருகிப்போனார்கள், பயணச்சீட்டில் கேப் இருக்கிறது. பலகையில் உள்ள பெயரை ஒரே நாளில் அழித்து எழுதிவிடலாம். பதிவேட்டுக்குள் போய்விட்ட எழுத்தை அப்படி எடுக்க முடியாது, ஏனென்றால் அதைப் பிடித்துக்கொண்டு வேறு நூறு பதிவுகள் தொங்குகின்றன.

செங்கோட்டை இரண்டு மாநிலங்கள் கேட்ட மண். மாநிலச் சீரமைப்புச் சட்டத்தின்படி 1956 நவம்பர் 1 அன்று அந்தத் தாலுகா திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாயின. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. அதற்கு முன்னால் 1954 ஆகஸ்ட் 11 அன்று தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட போராட்டத்தின்போது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. செங்கோட்டைக்குள் நுழைகிற வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இன்னும் இருக்கிறது. இவ்வளவு நடந்தும், இந்த ஊர்களில் எதற்கும் தமிழர் ஒரு பெயரும் மலையாளிகள் வேறொரு பெயருமாகப் பிரிந்து நிற்கவில்லை. மண்ணுக்குச் சண்டை நடந்தது, பெயருக்கு நடக்கவில்லை. உலகத்தின் மற்றச் சச்சரவு நிலங்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த வேறுபாடுதான் மனத்தில் நிற்கிறது. பாறைத் துண்டு ஒன்றுக்கு மூன்று பெயர், கடல் ஒன்றுக்கு நான்கு பெயர். "பெயரில் என்ன இருக்கிறது, நிலம் யார் கையில் என்று பார்" என்பார்கள். "பெயரை விட்டால் நிலமும் போய்விடும்" என்பார்கள். இரண்டையும் என்னால் அப்படியே ஒத்துக்கொள்ள முடியவில்லை.

ஒலி, பொருள், மேலெழுத்து

ஒரு நிலத்துக்கு இரண்டு பெயர் வருவதை முதலில் வகை பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே பெயரை இரண்டு வாய்கள் வேறு வேறாக ஒலிப்பது முதல் வகை. நாம் செங்கோட்டை என்பதை மலையாளத்தில் செங்கோட்ட என்று முடிப்பார்கள். நம் பக்கத்துப் பேச்சிலும் அந்த ஐகாரம் அகரமாகத்தான் வருகிறது. ஆரியங்காவு, அச்சன்கோவில் இரண்டும் இரு பக்கமும் ஒன்றே. வட பசிபிக்கில் ரஷ்யாவும் ஜப்பானும் உரிமை கோரும் குரில் தீவுகளில் ஒன்றை ரஷ்யர் குனாஷிர் என்கிறார்கள், ஜப்பானியர் குனாஷிரி என்கிறார்கள். இன்னொன்று இத்துருப், எத்தொரோஃபு. வேர்ச்சொல் இரு தரப்புக்கும் சொந்தமில்லை. அங்கே முன்பே வாழ்ந்த ஐனு மக்களுடையது. இரண்டு அரசுகளும் மூன்றாமவர் வைத்த பெயரைத் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி வளைத்து வைத்துக்கொண்டு வழக்காடுகின்றன.

இரண்டாவது வகையில் பொருள் ஒன்று, சொல் வேறு. பகவதிபுரம் நிலையத்தைத் தாண்டினால் மலைக் குகை. குகை முடிந்தால் கேரளம், ஆரியங்காவு. அதற்குக் கீழே கழுதுருட்டி அருகே ரயில் போகும் கல் பாலத்தை நம் பக்கத்தில் பதிமூணு கண் பாலம் என்போம். அவர்கள் பதிமூணு கண்ணற என்கிறார்கள். வளைவைக் கண்ணாகப் பார்த்த பார்வை இரண்டு மொழிக்கும் பொது. இப்படிப் பகையில்லாமலே மொழிபெயர்ந்து வாழும் பெயர்களும் உண்டு. இதே மொழிபெயர்ப்பு அரசாணையாக வரும்போது அதன் குணம் மாறிவிடுகிறது. இலங்கையில் மணலாறு வெலி ஓயா ஆனது. சிங்களத்தில் வெலி என்றால் மணல், ஓயா என்றால் ஆறு. பொருள் துளியும் மாறவில்லை, ஆனால் 1980களில் அந்தப் பெயர் குடியேற்றத் திட்டத்தோடு வந்தது, அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் வெளியேறின. பொருள் அப்படியே இருப்பதால் மாற்றம் சிறியது என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றும். ஊர்க்காரருக்கு வீட்டு முகவரியே போய்விட்டது.

கிழக்குச் சீனக் கடலில் ஐந்து ஆளில்லாத் தீவுகளும் சில பாறைகளும் உள்ள தொகுதிக்கு ஜப்பானில் சென்க்காக்கு, சீனத்தில் தியாவ்யூ, தைவானில் தியாவ்யூத்தாய். ஆங்கிலேய மாலுமிகள் கூரிய கோபுரம் போன்ற அதன் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயரைத்தான் 1900இல் ஜப்பானியர் ஒருவர் சென்க்காக்கு என்று மொழிபெயர்த்தார். தொகுதியிலேயே பெரிய தீவுக்கு ஜப்பானியப் பெயர் உவோத்சூரி. அதுவும் மீன்பிடிப்பதைச் சொல்லும் சொல், தியாவ்யூவும் மீன்பிடிப்பதைச் சொல்லும் சொல். ஒரே கடல்தொழிலைக் குறிக்கும் இரண்டு சொற்கள் போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன.

மூன்றாவது வகைதான் மேலெழுத்து, அழித்து எழுதுவது. 1982 ஏப்ரல் 2இல் பாக்லாந்துத் தீவுகளில் இறங்கிய அர்ஜென்டினா, அந்த மாதமே தலைநகர் ஸ்டான்லிக்குப் புவேர்த்தோ அர்ஜென்தீனோ என்று பெயர் வைத்தது. ஜூன் 14இல் தோற்று வெளியேறிய பிறகும் அர்ஜென்டின வரைபடங்களில் அந்தப் பெயர்தான். தீவுகளின் பெயர்களையும் பாருங்கள். 1690இல் ஓர் ஆங்கிலக் கப்பல் தலைவர் இரண்டு தீவுகளுக்கு இடைப்பட்ட நீர்ப்பரப்புக்கு பாக்லாந்துப் பிரபுவின் பெயரை வைத்தார். அது பிறகு தீவுகளுக்குப் பரவியது. அர்ஜென்டினா சொல்லும் மால்வினாஸ், பிரான்சின் சான் மாலோ துறைமுகத்து மாலுமிகளால் வந்த மாலுவீன் என்ற பெயரின் ஸ்பானிய வடிவம். ஒன்று இங்கிலாந்துப் பிரபுவுடையது, மற்றது பிரெஞ்சுத் துறைமுகத்துடையது.

அருணாசலப் பிரதேசத்தைச் சீனம் 'சாங்னான்', அதாவது தென் திபெத், என்கிறது. 2017இல் 6 இடங்கள், 2021இல் 15, 2023இல் 11, 2024இல் 30, 2025இல் 27 என்று பட்டியல் போட்டுச் சீனப் பெயர்களை வெளியிட்டுவருகிறது. மலைக்கும் ஆற்றுக்கும் கணவாய்க்கும் வைத்த அந்தப் பெயர்களால் அங்கே யாரும் யாரையும் கூப்பிடப் போவதில்லை. அவை நாளைக்கு ஒரு பேச்சுவார்த்தை மேசையில் "எங்கள் ஆவணங்களில் இது தொடர்ந்து இந்தப் பெயரில்தான் வழங்கிவருகிறது" என்று காட்டுவதற்காகச் சேர்க்கும் காகிதம். காகிதம் சேர்க்கிறவரை அலட்சியப்படுத்தக்கூடாது. நிலத் தகராறு பார்த்த எவருக்கும் இது தெரியும்.

பெயர் இடம் மாறிய தீவு

பழைய வரைபடத்தில் ஒரு பெயர் இருந்தால் அந்த இடம் அந்தப் பெயர்காரருடையது என்று வாதாடுவதை நம்பலாமா என்ற கேள்விக்கு, எனக்குத் தெரிந்து, கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் நடுக்கடலில் உள்ள ஒரு பாறைத் தொகுதியைவிட நல்ல விடை கிடையாது. மொத்தப் பரப்பு 0.19 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. கொரியர் தொக்தோ என்கிறார்கள். ஜப்பானியர் தக்கேஷிமா என்கிறார்கள். 1849இல் அதைக் கண்ட பிரெஞ்சுத் திமிங்கில வேட்டைக் கப்பலின் பெயரால் லியான்கூர் பாறைகள் என்றும் வழங்குகிறது. தக்கேஷிமா என்றால் மூங்கில் தீவு. அந்தப் பாறைக்கும் மூங்கிலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அங்கேதான் முடிச்சு இருக்கிறது.

எடோ காலத்து (1603–1868) ஜப்பானியர் தக்கேஷிமா என்று அழைத்தது இந்தப் பாறையை இல்லை, பக்கத்திலுள்ள உல்லுங்தோ என்ற பெரிய கொரியத் தீவை. இந்தப் பாறைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் மாத்சுஷிமா, பைன் மரத் தீவு. 1787இல் பிரெஞ்சு மாலுமி லா பெரூஸ் உல்லுங்தோவைக் கண்டு தஜெலே என்று குறித்தார். 1789இல் ஜேம்ஸ் கோல்னெட் என்ற ஆங்கிலேயர் அதே தீவைக் கண்டு, இடத்தைத் தவறாகக் கணக்கிட்டு, வடமேற்கே தள்ளி ஆர்கோனாட் என்று குறித்தார். ஐரோப்பிய வரைபடங்களில் ஒரு தீவு இரண்டானது. ஜப்பானில் இருந்துவிட்டுத் திரும்பிய ஜெர்மன் மருத்துவர் சீபோல்ட், 1840இல் வெளியிட்ட வரைபடத்தில், ஜப்பானியர் சொன்ன இரண்டு பெயர்களும் இந்த இரண்டு தீவுகளுக்குத்தான் என்று எடுத்துக்கொண்டார். இல்லாத ஆர்கோனாட்டுக்குத் தக்கேஷிமா வகைப் பெயர், தஜெலேக்கு மாத்சுஷிமா. பிற்பாடு வந்த கப்பல்கள் ஆர்கோனாட்டைத் தேடிக் காணாமல் வரைபடத்திலிருந்து நீக்கின. மிஞ்சியது தஜெலே, அதாவது உல்லுங்தோ, மாத்சுஷிமா என்ற பெயரோடு. ஜப்பானியரே அந்த வரைபடங்களை ஐரோப்பியரிடமிருந்து வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கியபோது, பெரிய தீவின் பழைய பெயர் வேலையில்லாமல் நின்றது. 1905 பிப்ரவரி 22இல் ஷிமானே மாகாண அறிவிப்பு 40 வெளியாகி, பாறைக்குத் தக்கேஷிமா என்று பெயர் வைத்தது.

இதனால் என்ன ஆகிறது என்றால், 1700களின் ஜப்பானிய ஏடு ஒன்றில் தக்கேஷிமா என்று இருந்தால் அது பாறையைக் குறிக்காது. அதை எடுத்துவைத்து வாதாடுகிறவர் தெரியாமல் வேறு தீவைப் பற்றி வாதாடுகிறார். கொரியத் தரப்புக்கும் இதே சிக்கல் உண்டு. பழைய கொரிய வரைபடங்களில் உசாந்தோ என்ற பெயர் வருகிறது. ஆனால் சிலவற்றில் அது உல்லுங்தோவுக்கு மேற்கே இருக்கிறது, பாறையோ கிழக்கே இருக்கிறது. 1900ஆம் ஆண்டு கொரியப் பேரரசின் ஆணை 41 சொக்தோ, அதாவது கல் தீவு, என்று ஒன்றைக் குறிப்பிடுகிறது. தென்பகுதிக் கொரிய வட்டார வழக்கில் கல்லுக்குத் தொக் என்பார்கள். அங்கிருந்து குடியேறிய மீனவர் சொன்னது தொக்தோ. எழுத்தர் அதைச் சீன எழுத்தில் பொருளாகப் பெயர்த்துச் சொக்தோ என்று எழுதினார் என்பது கொரிய வாதம். ஜப்பான் அதை ஏற்பதில்லை. எழுதுகிறவர் வட்டாரப் பேச்சைத் திருத்தித்தான் ஏட்டில் ஏற்றுவார் என்பதில் நமக்கு ஐயம் வர வேண்டியதில்லை. திருநவேலி என்று பேசுகிற ஊரில் எந்த ஏட்டில் திருநவேலி இருக்கிறது?

பத்திர எழுத்தர் செய்வது

இந்தத் தீவுக் கதைக்குப் பிறகுதான் செங்கோட்டைப் பக்கம் பத்திரம் எழுதுகிறவர்கள் செய்கிற காரியத்தின் அருமை புரிகிறது. வயலுக்குப் பெயர் உண்டு: குளத்தடிச் செய், கோயில் செய் என்று. பத்திரத்தில் அந்தப் பெயரையும் எழுதுவார்கள். ஆனால் அதை நம்பி நிலத்தை அடையாளம் காட்டுவதில்லை. சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, பிறகு "இன்னார் நிலத்துக்கு மேற்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு" என்று நான்கு திசை, கடைசியில் "இந்த நான்கு மாலுக்குட்பட்ட"; மால் என்றால் எல்லை. பெயர் ஒரு தலைமுறையில் மாறிவிடும். இன்னார் நிலமும் கைமாறும். ஆனால் நான்கும் சேர்ந்து ஒன்றை ஒன்று தாங்கிப் பிடிக்கும்.

எல்லை மாறிய ஊர்ப் பத்திரம் படிக்கும்போது கூடுதலாக இரண்டு இடத்தில் வழுக்கும். குமரி மாவட்டத்துத் திருவிதாங்கூர் காலப் பத்திரங்களில் பல மலையாளத்தில் இருக்கின்றன. அதில் 'ஆதாரம்' என்று வந்தால் சான்று என்று பொருள் கொள்ளக்கூடாது, அதுதான் பத்திரம். 'போக்குவரவு' என்றால் பட்டா மாறுதல். எழுத்து வேறாக இருந்தால் எச்சரிக்கையாக இருப்போம்; சொல் நம்முடையது போலவே இருக்கும்போதுதான் ஏமாறுவோம். அடுத்தது ஆண்டு. கொல்லம் ஆண்டு நெல்லைச் சீமைக்குப் புதிதில்லை, பஞ்சாங்கத்திலும் கோயில் கல்வெட்டிலும் பார்த்ததுதான். ஆனாலும் எல்லாவற்றோடும் 825 கூட்டிவிடுகிறார்கள். ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் ஆடி முடியும் வரை 825. ஊர் கைமாறிய நாள் கொல்லம் 1132 ஐப்பசி. 825 கூட்டினால் 1957 வரும். அப்போது அந்தப் பத்திரம் எந்த மாநிலத்துச் சட்டத்தின் கீழ் வந்தது என்பதே மாறிப்போகும்.

சச்சரவு நிலப் பெயரையும் இப்படித்தான் கையாள வேண்டும் என்று நினைக்கிறேன். பெயரை எழுதுங்கள், யார் சொல்வது, எந்த ஆண்டிலிருந்து சொல்வது என்று சேர்த்து எழுதுங்கள், இடத்தை மட்டும் பெயரிடம் ஒப்படைக்காதீர்கள். ஐ.நா. அவையின் 1977 ஏதென்ஸ் மாநாட்டுத் தீர்மானம் ஒன்று, ஒரே அரசின் கீழ் வராத நிலப்பகுதிக்கு உரியவர்கள் பொதுப் பெயர் ஒன்றைக் காணப் பாருங்கள், முடியாவிட்டால் ஒவ்வொருவர் பெயரையும் வரைபடத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறது. ஜப்பான் கடலா, கிழக்குக் கடலா என்ற வழக்கு 1992 முதல் இழுத்தது. சர்வதேச நீர்வரைவியல் அமைப்பு 2020இல் கடல்களுக்குப் பெயருக்குப் பதிலாக எண் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தது. சர்வே எண் என்ற பழைய வழிக்குத்தான் அவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

உருபை எங்கே ஒட்டுவது

தமிழில் எழுதுகிறவருக்கு இதில் தனிப் பாடு இருக்கிறது. ஐ.நா. ஆங்கில ஆவணங்கள் பாக்லாந்தை முன்னே வைத்து மால்வினாஸை அடைப்புக்குறிக்குள் போடும். ஸ்பானிய ஆவணங்களில் மால்வினாஸ் முன்னே, பாக்லாந்து அடைப்புக்குறிக்குள். தமிழில் அப்படியே போட்டால் "பாக்லாந்தில் (மால்வினாஸ்)" என்று ஆகி, வேற்றுமை உருபு ஒரு பெயரில் ஒட்டிக்கொண்டு மற்றது அறுந்து தொங்கும். "பாக்லாந்து என்கிற மால்வினாஸில்" என்றால் உருபு பின்னதில் விழுந்து, முன்னது பட்டப்பெயர் போலாகிவிடும். இதற்கு ஒரே வழி, இரண்டு பெயருக்கும் பின்னால் ஒரு பொதுச்சொல்லை நிறுத்தி உருபை அதில் ஏற்றுவது: பாக்லாந்து–மால்வினாஸ் தீவுகளில், தொக்தோ–தக்கேஷிமா பாறைகளுக்கு. வினையும் கவனம். 'மீட்டது', 'பிடித்தது', 'இணைத்தது' மூன்றும் மூன்று தீர்ப்புகள். 'படை இறங்கியது' என்றால் நடந்ததை மட்டும் சொல்கிறது.

ஒலிபெயர்ப்பில் நடக்கும் சேதம் இன்னும் பெரிது. ஜப்பானியப் பெயரும் சீனப் பெயரும் நமக்கு ஆங்கில எழுத்து வழியாக வருகின்றன. தகேஷிமா என்று ஒற்றைக் ககரத்தில் எழுதினால் தமிழர் அதை மெலிந்த ஒலியில்தான் படிப்பார், இரட்டித்தால்தான் வல்லொலி வரும். சென்காகு என்று எழுதினால் இரண்டு ககரமும் கெட்டுவிடும். சீனத்தின் ரோமன் எழுத்துமுறையில் 'டி' என்று போடுவது நம் தகரத்துக்குக் கிட்டத்தில் உள்ள ஒலி. அதை டகரமாக்கி டியாவோயு என்கிறோம். இப்படி இரண்டு தரப்பும் வைத்திராத மூன்றாவது பெயர் ஒன்று தமிழில் உண்டாகி, தேடினால் எதுவும் கிடைக்காத நிலை வருகிறது. 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, எட்டு நாளில் திரும்பப் பெற்றது. சொந்த ஊர்ப் பெயருக்கே அவ்வளவு பாடு.

இணைய வரைபடத்தில் வேலை செய்கிறவர்கள் திறந்த தெரு வரைபடத்தின் (ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்) முறையைப் பின்பற்றலாம். அந்த இடத்தில் மக்கள் புழங்குகிற பெயருக்குப் பொதுக் களம் (பதிவுப் பெட்டி), தமிழ் வடிவத்துக்கு ஒன்று, மலையாள வடிவத்துக்கு ஒன்று, பழைய பெயருக்கு ஒன்று. தொடுவெட்டியை மார்த்தாண்டத்தின் பழைய பெயர்க் களத்தில் ஏற்றிவைத்தால் பழைய ஏட்டோடு வருகிறவருக்கு ஊர் கிடைக்கும். ஒரே களத்தில் சாய்கோடு போட்டு எல்லாவற்றையும் திணித்தால் தேடலில் எதுவும் சிக்காது. பெருநிறுவன வரைபடங்களோ பார்க்கிறவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று பார்த்துப் பெயரையும் கோட்டையும் மாற்றிக் காட்டுகின்றன. 2025இல் மெக்சிகோ வளைகுடா அமெரிக்காவில் ஒரு பெயரிலும் மெக்சிகோவில் ஒரு பெயரிலும் மற்ற இடங்களில் இரண்டு பெயரிலும் தெரியத் தொடங்கியது. இந்தியாவில் அச்சிடும் வரைபடத்தின் எல்லைக்கோடு இந்திய நில அளவைத் துறையின் கோட்டோடு ஒத்துப்போக வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை என்று சட்டம் இருக்கிறது. கோட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இல்லை. பெயரில் உண்டு.

அந்தப் பாறையைப் பத்திர நடையில் எழுதினால் இப்படி வரும்: கொரியர் தொக்தோ என்றும், ஜப்பானியர் 1905 முதல் தக்கேஷிமா என்றும், அதற்கு முன் மாத்சுஷிமா என்றும், ஐரோப்பியர் லியான்கூர் என்றும் வழங்குவது, வடக்கு 37 பாகை 14 கலை, கிழக்கு 131 பாகை 52 கலை, உல்லுங்தோவுக்குத் தென்கிழக்கே 87 கிலோமீட்டர், ஓக்கி தீவுகளுக்கு வடமேற்கே 157 கிலோமீட்டர், தற்சமயம் தென்கொரியக் காவலர் வசம், மேற்படி பாறைகள்.